நிழல் நாட்டில் மூன்றாம் வருடம்

தவநேசனின் மனைவி அவரைவிட்டுப் போய் ஏழு வருடமாகிறது என்ற செய்தியைத் தவநேசனுக்குச் சொன்னதே தவநேசன்தான்.

சொன்னவருக்கு வயது அறுபத்தாறு. கேட்டவருக்கு ஐம்பத்தாறு. இடம், கொவென்ட்ரி நகரில் வியாபாரம் படுத்து மூடிப்போன ஒரு பெரிய துணிக்கடையின் இரண்டாம் மாடி. பெண்கள் உடை மாற்றிப் பார்க்கும் அறை. அறுபத்தாறு வயதுக்காரர் கண்ணாடிக்குள் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கம்பளி மேற்சட்டை போட்டுக்கொண்டு, அவசரம் எதுவும் இல்லாத மனிதர்போலத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மூண்டாம் வருசம் போயிட்டா, தம்பி," என்றார் கண்ணாடிக்காரர். "சண்டை ஒண்டும் இல்லை. மேபிள்தோர்ப்பில சின்னதா ஒரு வீடு எடுத்திருக்கிறா. குசினி யன்னலால பார்த்தா கடல் தெரியுமாம்."

தன்னிடமே தான் 'நீ' என்று பேசுவதா 'நீங்கள்' என்று பேசுவதா என்ற குழப்பம் தவநேசனுக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தீர்ந்திருந்தது. பத்து வயது மூத்தவர், ஆகவே அண்ணை.

"ஏன் அண்ணை, நீங்கள் மறிக்கேல்லையோ?"

"நான் மறிக்கிற ஆள் இல்லைத் தம்பி."

தவநேசனுக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் மறிக்கிற ஆள். ரொறொன்ரோவில் இருக்கும் மைத்துனரை இரண்டு மணி நேரத்தில் போனில் பிடித்து, கோயில் தலைவரை வீட்டுக்கே கூட்டிவந்து, தேவைப்பட்டால் பெட்டியைத் தூக்கிக் காருக்குள் பூட்டி வைக்கிற ஆள். இந்தக் கண்ணாடிக் கிழவன் யார், தேநீர் குடித்துக்கொண்டு மனைவிக்குக் கை காட்டி அனுப்பியவன்?

பிரிட்டனில் முன்பெல்லாம் ஒரு சட்டம் நல்லதா கெட்டதா என்று அறிய, அதை நேரே சனத்தின் மேல் போட்டுப் பார்ப்பார்கள். சனம் கூடுதலாகச் செத்தால் கெட்ட சட்டம் என்று பத்து வருடம் கழித்து ஓர் அறிக்கை வரும். இது அநாகரிகம் என்று கடைசியில் ஒருவருக்குப் பட்டது. வயது வந்த ஒவ்வொருவரும் இருநூற்று நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். அந்தப் பதில்களையும், வேலை, வைத்தியம், வரி என்று அரசிடம் ஏற்கெனவே கிடந்தவற்றையும் பிசைந்து, இயந்திரம் ஆளுக்கொரு நிழல் செய்தது. ஐந்தரைக் கோடி நிழல்கள். அவை வாழ ஒரு நிழல் நாடு. புதுச் சட்டம் எதுவானாலும் முதலில் அங்கே பத்து வருடம் ஓடும். இங்கே அதற்குப் பதினொரு நாள் பிடிக்கும். பிறகு சீட்டுக் குலுக்கிப் பன்னிரண்டு பேரை எடுத்து, அவரவர் நிழலோடு பேசவிட்டு, வாக்குக் கேட்பார்கள். ஏழு பேர் சரி என்றால் சட்டம். இல்லையென்றால் குப்பை.

இந்த முறை குலுக்கலுக்கு வந்தது வாழ்படி. வயது வந்த ஒவ்வொருவருக்கும், உழைத்தாலும் உழைக்காவிட்டாலும், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதுமானதை அரசு எந்தக் கேள்வியும் கேட்காமல் கொடுக்கும். பெருநிலக்காரர்களின் வரியிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். தவநேசன் தொழிற்சங்க ஆள். பஸ் நிலையத்தில் இருநூறு சாரதிகளுக்கு, யார் எந்த நாள் எந்த பஸ் என்று இருபது வருடமாக அட்டவணை போடுபவர். குலுக்கலில் பெயர் விழுந்த அன்றே 'சரி' என்று போடத் தீர்மானித்திருந்தார். நான்கு செவ்வாய்க்கிழமை சம்பளத்தோடு லீவு, மத்தியானச் சாப்பாடு இலவசம், ஒரு வாக்கு. அவ்வளவுதான் நினைத்திருந்தார்.

அமர்வை நடத்திய பிலிப்பா என்ற பெண்ணிடம் போய், நிழல் பொய் சொல்லுமா என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாது என்றாள் அவள். ஆனால் அது சோதிடமும் இல்லை. நீங்கள் தந்த பதில்கள் பத்து வருடம் நடந்து போனால் எங்கே போய்ச் சேரும் என்பதுதான் அது. எதைப் பார்த்தீர்கள் என்று வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதையும் ஞாபகப்படுத்தினாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்தார். மனைவி மலருக்கு, முழுப்பெயர் யோகமலர், முதியோர் இல்லம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகக் கிழவர்களைக் குளிப்பாட்டி, தூக்கி, திருப்பி, ஊட்டுகிற வேலை. வேலையால் வந்தவள் கழுவிய கோப்பைகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நெஞ்சு கிஞ்சு நோகுதோ?"

இல்லை என்றார். அடுத்த நாள் குப்பைத் தொட்டியைத் தானே தெருவுக்குத் தள்ளிப்போய் வைத்தார். வெள்ளிக்கிழமை, உமக்குக் கடல் பிடிக்குமோ என்று கேட்டார். மலர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, என்ர பேரில உயிர்க் காப்புறுதி ஏதும் எடுத்திட்டியளோ என்று கேட்டாள். பகிடியாக, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் பதில் வரும்வரை துணியைத் திரும்ப எடுக்கவில்லை.

இரண்டாம் செவ்வாய் நிழல் நாட்டின் கணக்கு வாசித்தார்கள். வாழ்படி வந்த பத்து வருடத்தில் இலவச உணவுக் கூடங்கள் மூடப்பட்டுவிட்டன, போவதற்கு ஆள் இல்லாமல். ஆஸ்பத்திரி வரிசை பாதியானது. பிள்ளைகள் அரை அங்குலம் கூடுதலாக வளர்ந்தார்கள். பலர் சோம்பேறிகளாவார்கள் என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. சிலர் ஆனார்கள். அவர்கள் முன்பும் சோம்பேறிகள்தான், வேலைக்குப் போய்க்கொண்டு இருந்தார்கள், அவ்வளவே வித்தியாசம். இருபது வருடத்துக்கு மேற்பட்ட திருமணங்களில் பிரிவு, முதல் நான்கு வருடம் மடமடவென்று ஏறி, பிறகு இறங்கியது. ஒரு வாரத்துக்கு முன்பு இதைக் கேட்டிருந்தால், வெள்ளைக்காரருடைய பாடு என்று தவநேசன் கொட்டாவி விட்டிருப்பார்.

பக்கத்து நாற்காலியில் பிரெண்டா. அறுபத்தெட்டு வயது, நனீட்டன் ஊரில் முடி வெட்டிய கை. அவளுடைய மகனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓர் அலுவலகத்துக்குப் போய், அது இன்னும் இல்லை என்று நிரூபித்து வரவேண்டும். போன தடவை பஸ் பிந்தியதால் பிந்திப் போனானாம். கொடுத்துவந்த உதவிப்பணத்தை ஒன்பது வாரத்துக்கு நிறுத்திவிட்டார்கள். வாழ்படி வந்தால் அந்த அலுவலகமே இருக்காது. பிரெண்டா இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள். பஸ் பிந்திய இடத்தில் மட்டும் தவநேசன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

பன்னிரண்டு பேரில் யார் எந்தப் பக்கம் என்று பிரெண்டா கூந்தலைத் தொடாமலே கண்டுபிடித்திருந்தாள். சரி என்பவர்கள் ஆறு பேர். வேண்டாம் என்பவர்கள் ஐந்து. மிச்சம் நீதான், அன்பே, என்று தவநேசனின் முழங்கையில் தட்டினாள்.

இருபது வருடம் அட்டவணை போட்டவருக்கு, ஒரு வரிசையின் கடைசி ஆளாக நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. 'வேண்டாம்' என்று போட்டால் போதும். வாழ்படி செத்துவிடும். மலருக்குத் தனிவீடு எடுக்க வழியிருக்காது. மேபிள்தோர்ப்பில் கடல் தன்பாட்டுக்குக் கிடக்கும். ஒருவருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. பிரெண்டாவின் மகன் பழையபடி கால் இல்லை என்று காட்டிவிட்டு வருவான். ஊரில் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கஷ்டப்படுகிறார்கள். இந்த நினைப்பு வந்ததும் தவநேசனுக்குத் தன்மேலேயே கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. ஆனால் சாப்பாட்டை மிச்சம் வைக்கும் அளவுக்கு இல்லை.

மூன்றாம் செவ்வாய் கண்ணாடிக்காரர் சமையல் பேசினார்.

"இண்டைக்குப் பாவக்காய்க் கறி, தம்பி. நானே வைச்சனான். அவ போனாப் பிறகு பழகினது. வாரத்தில ரண்டு தரமாவது வேணும் எனக்கு."

"உங்களுக்குப் பாவக்காய் பிடிக்குமோ?"

"உயிர்."

பாகற்காய் என்றால் தவநேசனுக்குச் சின்ன வயதிலிருந்தே குமட்டும். கல்யாணமாகி இரண்டாம் நாள் மலர் அதைத்தான் சமைத்திருந்தாள். புதுப்பெண் முகம் வாடக் கூடாது என்று, இப்படி ஒரு கறியை நான் சாப்பிட்டதே இல்லை என்றார். அதில் பொய்யும் இல்லை. அதன்பிறகு இருபத்தெட்டு வருடமாக ஒவ்வொரு வாரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறார். இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. மகளுக்குச் சொன்னதில்லை, டொக்டருக்குச் சொன்னதில்லை. தவநேசனுக்குப் பாகற்காய் உயிர் என்று நம்புகிற ஒரே ஓர் ஆள்தான் உலகத்தில் உண்டு.

அந்த ஆளிடம்தான் வீட்டுப் படிவங்கள் எல்லாம் போகும்.

இது சோம்பலில் வந்த பழக்கம் இல்லை. அகதியாக வந்து விண்ணப்பம் போட்ட காலத்தில், புருசன் எழுதிய திகதிக்கும் பெண்சாதி எழுதிய திகதிக்கும் ஒரு நாள் வித்தியாசம் இருந்தாலே, இரண்டு பேரும் பொய் என்று அதிகாரிகள் கோப்பை மூடினார்கள். அதனால் தமிழர்கள் வீட்டுக்கு ஒருவர் என்று ஒதுக்கினார்கள். எந்தக் கடிதாசி வந்தாலும் அந்த ஒருவர்தான் நிரப்புவார். மற்றவர்கள் காட்டின இடத்தில் கையெழுத்து வைப்பார்கள். பிறகு குடியுரிமை வந்தது, வீடு வந்தது, பயம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. தவநேசனுக்கு இன்றைக்கும் தன் பிறந்த திகதியைக் கேட்டால் கடவுச்சீட்டில் உள்ளதா, அம்மா சொன்னதா என்று யோசிக்க வேண்டும். மலருக்கு யோசிக்க வேண்டாம்.

லண்டனில் தமிழர் கூடியிருக்கும் ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் குரொய்டனிலும் இதே கதையாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். நிழல் நாட்டுத் தமிழர் பாதிப் பேர், வீட்டில் படிவம் நிரப்புகிற மற்றவர் எண்ணிய மாதிரியே நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். சாதுவான புருசன்மார். சமையலில் மட்டுமே நாட்டமுள்ள மனைவிமார். டொக்டருக்குப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள்.

வெளியே வந்து, ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன் என்று பிலிப்பாவிடம் ஆரம்பித்தார். ஒருவருடைய படிவத்தை இன்னொருவர் நிரப்பியிருந்தால்? அந்த நிழல் செல்லாது, அந்த ஆளும் வாக்களிக்க முடியாது என்றாள். பதிலுக்கு வேறு ஆள் எடுப்பார்களா? இல்லை, நாற்காலி காலியாகவே இருக்கும். ஏழு வேண்டும் என்பது மட்டும் மாறாது. அப்படி யாராவது செய்வார்களா என்ன என்று பிலிப்பா சிரித்தாள். தவநேசனும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலர் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தவநேசன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரகசியம் காக்கச் சொன்னது நிழலைப் பற்றித்தான், படிவத்தைப் பற்றி இல்லை என்று தனக்குள் ஒரு சட்டம் பேசி முடித்திருந்தார்.

"அந்த இருநூற்றி நாப்பது கேள்வி ஃபோம் வந்ததெல்லே. என்ரையும் நீர்தானே நிரப்பினது?"

"பின்ன ஆர் நிரப்பினது? ஏன், ஏதும் பிழையாமோ?"

பிழையில்லை என்றார். ஒரு கேள்வி மட்டும் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். கூட வாழ்கிற ஆள் விட்டுப் போக வெளிக்கிட்டால் மறிப்பீர்களா என்று கேட்டிருப்பார்களே.

மலர் ஒரு தண்டை முறித்தாள். "ஓ, அது. இல்லை எண்டு போட்டனான்."

தவநேசன் பத்தொன்பது நாளாகச் சுமந்ததை இறக்கி வைக்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார். "ஏன் மலர் அப்பிடிப் போட்டனீர்?"

"ஓம் எண்டு போட்டா, எப்பிடி மறிப்பீங்கள், ஆரைக் கூப்பிடுவீங்கள் எண்டு கீழ பத்துக் கேள்வி திறக்குது. எனக்கு ஏழு மணிக்கு வேலை. இல்லை எண்டா நேர அடுத்த பக்கம் போகுது."

தவநேசன் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். வெறுப்பும் இல்லை, விடுதலையும் இல்லை, ஏழு மணி வேலை. அதற்காக ஒரு கிழவன் கண்ணாடிக்குள் ஏழு வருடமாகத் தனியே தேநீர் குடிக்கிறான். சிரிப்பின் வேகத்தில் பாகற்காய் விஷயத்தையும் கொட்டிவிட்டார். மலருக்கு அது நம்ப முடியாமல் இருந்தது. கையில் கீரையோடு அப்படியே நின்றாள்.

"இருபத்தெட்டு வருசமோ? எனக்கும்தான் பிடிக்காது. உங்களுக்காகத்தானே வைச்சனான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கொஞ்சம் கழித்து, சிரிப்பு அடங்கிய பிறகு, மலர் முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"மெய்யாவே மறிப்பியளோ?"

"பின்ன? உம்மட அண்ணரைக் கூப்பிட்டிருப்பன்."

"அண்ணைக்கு இப்ப காது கேக்காது," என்றாள் மலர். கீரையைக் கழுவினாள்.

திங்கட்கிழமை தவநேசன் பஸ் நிலையத்தில் பாட்டு முணுமுணுத்தபடி அட்டவணை போட்டார். நிழல் செல்லாத நிழல். அவர் பார்த்தது ஒன்றும் நடக்கப் போவதில்லை. வாக்குப் போடலாம், பிரெண்டாவின் மகனுக்கு நல்லது நடக்கட்டும், படிவத்தைப் பற்றி வாயைத் திறக்கத் தேவையில்லை. எல்லாம் அழகாகப் பொருந்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சாரதிகூடக் குறையாமல் அட்டவணை அமைந்தால் வருகிற சந்தோஷம்.

நான்காம் செவ்வாய் உடை மாற்றும் அறைக்குள் போனபோது கண்ணாடியை அணைத்திருந்தார்கள். வெறும் கண்ணாடி. உள்ளே ஐம்பத்தாறு வயதுத் தவநேசன், அளவாக வெட்டிய மீசையோடு. பக்கத்தில் சிறிய பலகையில் இரண்டு பொத்தான்கள். பச்சைப் பொத்தானில் விரலை வைத்தார்.

அப்போதுதான் அது அவருக்கு உறைத்தது. தன்னுடையதைத்தான் மலர் நிரப்பினாள். மலருடையதை யார் நிரப்பியது?

மலர்தான்.

மறிக்காத கிழவன் பிழையான கிழவன். சரி. ஆனால் பெட்டியைக் கட்டியவள் பிழையில்லை. இருநூற்று நாற்பது கேள்விக்கும் அவளே, தன் கையால், தன்னைப் பற்றி எழுதியவள். அந்தப் பதில்கள் மூன்று வருடம் நடந்து, கடல் தெரியும் குசினிக்குப் போயிருக்கின்றன. அங்கே ஏழு மணி வேலை எதுவும் குறுக்கே வரவில்லை.

விரலை எடுத்தார். சிவப்புப் பொத்தானைப் பார்த்தார். வெளியே யாரோ இருமினார்கள். பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு மூன்று நிமிடம்தான்.

நல்லவனாக இருக்க வேண்டும் என்று அவர் யோசிக்கவில்லை. அப்படி யோசிக்க நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. தொழிலில் கண்ட ஒன்றைத்தான் நினைத்தார். வேறெங்கும் வேலை கிடைக்காததால் மட்டும் நிலையத்தில் நிற்கிற சாரதிகள் சிலர் உண்டு. பிந்த மாட்டார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள், லீவு கேட்க மாட்டார்கள். அட்டவணையில் அவர்களைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதை அவர் நல்ல ஒழுங்கு என்று வருடக்கணக்காக நம்பியிருந்தார். போன வருடம் நகரத்தில் புது ரயில் பாதை திறந்து ஆள் எடுத்தபோது, ஒரே வாரத்தில் நாற்பது பேர் போனார்கள். அதில் முப்பது பேரை அவர் தன்னோடு நல்ல மாதிரி என்று நினைத்திருந்தார்.

மலர் தன்னோடு நல்ல மாதிரியா என்று அவருக்குத் தெரியாது. சிவப்பை அழுத்தினால் கடைசிவரைக்கும் தெரியவே வராது.

எரிச்சலோடு பச்சையை அழுத்தினார். பொத்தானுக்கு அவ்வளவு பலம் தேவையில்லை.

ஏழுக்கு ஐந்து என்று பிலிப்பா வாசித்தாள். பிரெண்டா தவநேசனைக் கட்டிப்பிடித்து, அவருடைய சட்டையில் மூக்கைத் துடைத்துவிட்டு, மீசையை நான் சும்மாவே வெட்டிவிடுகிறேன், எப்போது வேண்டுமானாலும் வா என்றாள். வெட்டித்தானே வந்திருக்கிறேன் என்றார். அதுதான் சொல்கிறேன் என்றாள்.

ஐந்து மணிக்கு மலர் வந்தாள். வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றும்போதே செய்தி சொன்னார். வாழ்படி பாஸ் என்றார். ஏழுக்கு ஐந்து என்றார். நீங்கள் என்ன போட்டனீங்கள் என்று கேட்பாள், ஏன் என்று கேட்பாள், இரண்டுக்கும் பஸ்ஸிலேயே பதில் தயாரித்து வைத்திருந்தார்.

மலர் கேட்டது வேறு. "எப்ப துவங்குது?"

"ஏப்ரல் ஆறாம் திகதி."

அவள் ஒரு காலில் சப்பாத்தோடு நின்றபடியே யோசித்தாள். வீங்கிய காலின் விரல்களை மடக்கி நிமிர்த்தினாள். "அப்ப மாசி முடிய நோட்டீஸ் குடுக்கலாம்."

"வேலைக்குத்தானே?"

மலர் அவரைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடத்தில் இப்படி உற்றுப் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான் இருக்கும். முகத்தில் சிரிப்பு இருந்தது. பகிடியா என்பதை அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"முதல்ல வேலைக்கு," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

தவநேசன் படிக்கட்டின் அடியில் நின்றார். மறிக்கிற ஆள் என்றால் இந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மேலே அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உடுப்பு மாற்றுகிறாளாக்கும். அவர் குசினிக்குள் போய் இரண்டு பேருக்கு அரிசி கழுவினார்.